மட்டக்களப்பு வாசகர் அல்ல

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

இரண்டு கிழமைக்கு முந்தைய ஞாயிறு நலவாழ்வுப் பக்கத்தில், "வளர்ச்சிக் காரணிகள் கலந்த கிறீம் சிறு காயங்களை உடனே ஆற்றும் என விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது" என்று ஒரு வரி. எந்த விஞ்ஞானம் என்று எழுத இடம் போதவில்லை போலும். பக்கத்திலேயே தங்கநகை விளம்பரம் அரைப்பக்கம்.

வளர்ச்சிக் காரணி என்பது உடற்கலங்களைப் பெருகச் சொல்லும் புரதம். அவற்றில் ஒன்றான, எலிக்குட்டிகளின் கண்ணை நேரத்தோடு திறக்கவைத்த புரதத்தை 1962இல் ஸ்டான்லி கோஹன் பிரித்தெடுத்ததும், அந்த வேலைக்கு 1986இல் நோபல் பரிசு கிடைத்ததும் தாங்கள் அறியாததல்ல. 1989இல் அதே புரதத்தை 12 நோயாளிகளுக்குப் பூசிப் பார்த்தார்கள். காயம் முழுதாக ஆறும் காலம் சுமார் ஒன்றரை நாள் குறைந்தது. ஆனால் அவை தோல் ஒட்டுவதற்காக உரித்தெடுத்த இடங்கள். 1997இல் அமெரிக்காவில் வேறொரு வளர்ச்சிக் காரணிக்கு அனுமதி கொடுத்தது நீரிழிவுக்காரரின் ஆறாத காற்புண்ணுக்கு. என் பெருவிரலுக்கு அல்ல.

பெருவிரல் கதை இது. உங்கள் கட்டுரை வந்த அடுத்தநாளே சம்பலுக்குத் தேங்காய் துருவும்போது திருகுவலை கிழித்துவிட்டது. பாமசிப் பொடியன் உங்கள் பத்திரிகையை விரித்துக் காட்டி ஒரு ரியூப் விற்றான். பெட்டியில் 2 முதல் 8 பாகைக்குள் வைக்கவும் என்றிருந்தது. அவன் எடுத்துத் தந்ததோ வெயில் விழும் கண்ணாடி அலுமாரியிலிருந்து. புரதம் சூட்டில் கெடும் என்று முப்பது வருடம் படிப்பித்தவன் நான், வாங்கிக்கொண்டு வந்தேன், அது என் மடமை. சுகதேகியின் வெட்டுக்காயத்தில் இரத்தத்தை உறையவைக்கும் குருதிச் சிறுதட்டுகளே இந்தக் காரணிகளை விடுகின்றன. மேலும் பூசுவது கொட்டியாரக் குடாவுக்கு உப்புக் கரைத்து ஊற்றுகிற வேலை. அதே கிழமை சூடை மீன் வெட்டிக் கையை அறுத்துக்கொண்ட என் மனைவி சவர்க்காரம் போட்டுக் கழுவி பிளாஸ்டர் ஒட்டினார். அவருக்கு என்னைவிட ஒரு நாள் முந்தி ஆறியது. இரண்டு பேரை வைத்துச் சொல்வது ஆய்வா என்பீர்கள். உங்கள் கட்டுரையில் ஒருவர்கூட இல்லையே!

கன்னியா வெந்நீர் சகல தோல் நோயையும் போக்கும் என்று நீங்கள் எழுதியபோதும் கடிதம் போட்டேன், வரவில்லை. பிறகு வேறொன்றைப் பிரசுரித்தீர்கள், என் பெயருக்குப் பதிலாக 'மட்டக்களப்பு வாசகர்' என்று.

சரி. சின்னக் காயத்தைச் சுத்தமான தண்ணீரில் கழுவி மூடினால் போதும், ஆழமென்றால் ஆஸ்பத்திரிக்குப் போய் ஏற்பூசி (ரெற்றனஸ் தடுப்பூசி) பற்றியும் கேளுங்கள் என்று வரும் ஞாயிறு இரண்டு வரி போடுங்கள். நகை விளம்பரத்துக்குக் கீழே என்றாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்,
உப்புவெளி, திருகோணமலை (திருகோணமலை என்றே போடவும்)