ஒரே மருத்துவர், எத்தனை அறுவை அரங்குகள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மயக்கவியல் துறையின் இன்றைய நிலை குறித்துத் தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். புதிய மருந்துகளையும் கருவிகளையும் பற்றி விரிவாகப் பேசிய அக்கட்டுரை, ஆள் பற்றாக்குறையைக் கடைசிப் பத்தியில் தனிச் செய்தியாக ஒதுக்கிவிட்டது. இத்துறையில் நெடுங்காலம் பணியாற்றி வருபவன் என்ற முறையில், இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது என்று கருதுகிறேன். கடந்த பத்தாண்டுகளின் பெரிய ஆய்வுகளைச் சேர்த்து வைத்துப் படித்தால், எந்த மருந்து, எந்த முறை என்பதைவிட, நோயாளியின் தலைமாட்டில் நிற்பவர் யார், அவர் ஒரே நேரத்தில் எத்தனை பேரைக் கவனிக்கிறார் என்பதே முக்கியமாகத் தெரிகிறது.

இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களை எடுத்துக்கொள்வோம். அவர்களுக்கு முழு மயக்கம் கொடுப்பதைவிட முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வதே நல்லது என்று எங்களில் பலர் உறுதியாக நம்பியிருந்தோம். அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,600 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2021இல் வெளியான ரீகெய்ன் ஆய்வு அந்த நம்பிக்கையைச் சோதித்தது. அறுபது நாட்களுக்குள் இறந்தவர்கள், பிறர் துணையின்றி நடக்க முடியாமல் போனவர்கள் ஆகியோரைச் சேர்த்துக் கணக்கிட்டபோது, இரண்டு முறைகளிலும் விகிதம் ஏறக்குறைய 18 சதவீதமாகவே இருந்தது. அறுவைக்குப் பின் முதியவர்களுக்கு வரும் மனக்குழப்பத்திலும் பெரிய வேறுபாடு இல்லை. சீனாவில் நடந்த ராகா ஆய்வும் இதையே சொன்னது. கைக்குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2019இல் முடிவு வெளியான காஸ் ஆய்வு, ஒரு மணி நேரத்துக்குட்பட்ட ஒற்றை மயக்கம் ஐந்து வயதில் அளந்த அறிவுத்திறனைக் குறைக்கவில்லை என்று காட்டியது. மூளை மின்னலைகளைப் பார்த்து மருந்தின் அளவைத் தீர்மானித்தால் முதியவர்களின் மனக்குழப்பம் குறையும் என்ற எதிர்பார்ப்பும் அதே ஆண்டு வெளியான எங்கேஜஸ் ஆய்வில் பொய்த்துப்போயிற்று.

இவற்றிலிருந்து எப்படிக் கொடுத்தாலும் ஒன்றுதான் என்று எவரேனும் முடிவு கட்டினால் அது பெரும் தவறாகும். இந்த ஆய்வுகள் அனைத்தும், பயிற்சி பெற்றவர் ஒருவர் உடனிருந்து, கருவிகள் முறையாக இயங்கிய இடங்களில் நடந்தவை. அந்த அடிப்படை எல்லா இடத்திலும் இல்லை. உலக மயக்கவியல் சங்கங்களின் கூட்டமைப்பு நடத்தி 2017இல் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, லட்சம் மக்களுக்கு 5 மயக்கவியல் மருத்துவர்கள் என்ற குறைந்தபட்ச அளவைக்கூட எட்டாத நாடுகள் 77. அந்த அளவை எட்டுவதற்கு மட்டும் உலகில் இன்னும் 1,36,000க்கும் மேற்பட்ட மருத்துவர்கள் வேண்டியிருந்தது. இது செல்வம் குறைந்த நாடுகளின் பிரச்சினை மட்டுமன்று. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அறுவை அரங்கும் அறுவை மருத்துவரும் ஆயத்தமாக இருந்தும், மயக்கம் கொடுக்க ஆளில்லாமல் அன்றைய அறுவைப் பட்டியல் தள்ளிப்போவது உண்டு.

ஆள் குறையும்போது நிர்வாகங்கள் கையாளும் முதல் வழி, ஒரே மருத்துவரைப் பல அரங்குகளுக்குப் பொறுப்பாக்கி, ஒவ்வோர் அரங்கிலும் மயக்கவியல் செவிலியரையோ பயிற்சி மருத்துவரையோ அமர்த்துவதாகும். இதன் விளைவை அமெரிக்காவின் 23 மருத்துவமனைகளில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளைக் கொண்டு ஆராய்ந்த கட்டுரை 2022இல் வெளியானது. ஒரு மருத்துவர் ஒன்று முதல் இரண்டு அறுவைகளைப் பார்த்தபோது இறப்பும் பெரிய சிக்கல்களும் சேர்ந்து 5.06 சதவீதமாக இருந்தன; மூன்று முதல் நான்கைப் பார்த்தபோது அது 5.75 சதவீதமாயிற்று. பழைய பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு என்பதால், இதுவே காரணம் என்று அறுதியிட்டுக் கூற முடியாது. ஆயினும் அரங்கில் நிற்பவர்களுக்கு இதன் காரணம் புரியாத ஒன்றல்ல. மயக்கத்தில் ஆபத்து மிகுந்த நேரங்கள் தொடக்கமும் முடிவும். காலை எட்டு மணிக்கு மூன்று அரங்குகளிலும் முதல் நோயாளி ஒரே நேரத்தில் மேசைக்கு வருகிறார். பிற்பகலில், ஓர் அரங்கில் நோயாளியின் மூச்சுப்பாதையில் செருகிய குழாயை எடுக்கும் நிமிடத்தில், அடுத்த அரங்கில் வேறொருவருக்குக் குழாயைப் பொருத்த வேண்டியிருக்கிறது. மேற்பார்வையாளர் ஓரிடத்தில்தான் நிற்க முடியும்.

மருத்துவரல்லாதவர் மயக்கம் கொடுக்கலாமா என்ற சண்டை பல நாடுகளில் ஓய்ந்தபாடில்லை. அமெரிக்காவில் இத்துறைக்குள் புதிதாக நுழையும் மயக்கவியல் செவிலியருக்கு 2025 முதல் முனைவர் நிலைப் பட்டம் கட்டாயமாகியுள்ளது. பிரிட்டனில் மயக்கவியல் உதவியாளர்களை 2024 டிசம்பரில் மருத்துவக் கவுன்சிலின் ஒழுங்குமுறைக்குள் கொண்டுவந்த பிறகும், அவர்களின் எல்லை எது என்ற விவாதம் தீரவில்லை. இரு தரப்பும் ஆதாரம் தங்கள் பக்கமே என்கின்றன. ஆனால் பல ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2014இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, கிடைத்த சான்றுகளைக் கொண்டு எந்தத் தரப்புக்கும் உறுதியான தீர்ப்பு வழங்க இயலாது என்றே முடித்தது. (இதை இரு தரப்புமே அதிகம் மேற்கோள் காட்டுவதில்லை என்பது வேறு விஷயம்.) மருத்துவரே கிடைக்காத இடத்தில் நன்கு பயின்ற செவிலியர் இருப்பது பெரும் பேறு என்பதில் எனக்கு ஐயமில்லை. சம்பளச் செலவைக் குறைப்பதற்காக மட்டும் அதே ஏற்பாட்டைக் கொண்டுவந்து, கூப்பிட்ட குரலுக்கு வரக்கூடிய மூத்தவர் ஒருவரையும் வைக்காமல் விடுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

கருவிகளே இனி பாதி வேலையைச் செய்துவிடும் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதையும் இந்த இடத்தில் பார்க்க வேண்டும். ஆக்சிஜன் அளவு இறங்க இறங்க, பல்ஸ் ஆக்ஸிமீட்டரின் ஒலியும் சுருதி இறங்கிக்கொண்டே வரும். அனுபவம் உள்ளவர் திரையைப் பார்க்காமலே நிமிர்ந்துவிடுவார். குழாய் மூச்சுப்பாதைக்குப் பதில் உணவுக்குழாய்க்குள் போயிருந்தால், வெளிவிடும் மூச்சை அளக்கும் கேப்னோகிராஃப் கருவியின் திரையில் கரியமில வாயு அலை படுத்துவிடும். இரண்டும் உயிர் காக்கும் கருவிகள் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் காதில் விழுந்ததற்கும் கண்ணில் பட்டதற்கும் ஏற்ப உடனே செயல்பட ஒருவர் அங்கே இருந்தாக வேண்டும். சுற்றுச்சூழலுக்காகச் செய்யப்படும் மாற்றத்துக்கும் இது பொருந்தும். புவியை வெப்பமாக்கும் ஆற்றல் மிகுந்த டெஸ்ஃப்ளூரேன் என்ற மயக்க வாயுவை, மருத்துவக் காரணம் இருந்தால் தவிரப் பயன்படுத்தக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஜனவரி முதல் தடை செய்திருப்பது சரியான முடிவே. அதன் இடத்தில் பலர் ரத்தக்குழாய் வழியாகச் செலுத்தும் புரோபஃபால் என்ற மயக்க மருந்துக்கு மாறுகிறார்கள். வாயுவாக இருந்தால் நோயாளி வெளிவிடும் மூச்சில் அதன் அளவு திரையில் தெரியும். புரோபஃபாலுக்கு வழக்கமான கருவிகளில் அப்படி ஓர் அளவு கிடையாது. மூடிய துணிக்கு அடியில் ஊசி விலகி மருந்து வெளியே கசிந்தாலும் பம்பு ஓடிக்கொண்டுதான் இருக்கும். கையைத் தொட்டுப் பார்ப்பவர் இல்லையென்றால் நோயாளி மேசையிலேயே விழித்துக்கொள்ளக்கூடும்.

அறுவைக்குப் பிந்திய நேரத்தைக் கட்டுரை அறவே தொடவில்லை. ஆப்பிரிக்காவின் 25 நாடுகளில் நடத்தி 2018இல் வெளியான அறுவை ஆய்வில், இறந்தவர்களில் ஏறத்தாழ 94 சதவீதம் பேர் அறுவை நடந்த நாளைக் கடந்த பிறகே இறந்திருந்தனர். அதைத் தொடர்ந்து, ஆபத்து மிகுந்த நோயாளிகளைச் செவிலியர் மேசைக்கு எதிரிலுள்ள படுக்கையில் கிடத்துவது, அடிக்கடி நாடியையும் ரத்த அழுத்தத்தையும் பார்ப்பது, உறவினரை உடன் இருக்கவிடுவது ஆகியவற்றைச் செய்து பார்த்தார்கள். அந்த இரண்டாவது ஆய்வில் இறப்பு விகிதம் குறையவில்லை. இருக்கும் சில செவிலியர்களிடமே கூடுதல் கண்காணிப்பையும் ஒப்படைத்தால் வேறென்ன நடக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. இக்கட்டுரையின் தொடர்ச்சியைத் தாங்கள் வெளியிடுவதானால், மயக்கம் தெளியும் அறையிலும் வார்டிலும் ஓர் இரவில் எத்தனை நோயாளிகளுக்கு எத்தனை செவிலியர் இருக்கிறார்கள் என்பதையும் விசாரித்து எழுதச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மயக்கவியல் மருத்துவர் ஒருவர்