பையின் ஜிப்பைத் தைத்துக் கொடுத்த சிஸ்டருக்கு

பாப்பா நேற்று வீட்டுக்கு வந்துவிட்டாள். சிறுநீரக நோயால் வந்த முகவீக்கம் வடிந்து, கண்ணை முழுசாகத் திறந்து பார்க்கிறாள். நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். அந்த நாட்களை மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை.

ராத்திரியில் அல்புமின் மருந்து தேடி அலைந்தவர்கள், பெரியவனைத் தங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவர்கள், ஐ.சி.யூ. வாசலில் என்னோடு பேசாமல் உட்கார்ந்திருந்தவர்கள், மருத்துவர்கள்... எல்லோரையும் நேரில் வந்து பார்ப்பேன். பெயர் போட வேண்டாம் என்ற ஒருவரைப் பற்றி மட்டும் இங்கே எழுதிவிடுகிறேன்.

மாதக்கணக்காக எனக்கு ஒரு நோட்டுதான் உலகம். காலையில் பாப்பாவின் முதல் சிறுநீரில், புரதம் ஒழுகுகிறதா என்று காட்டும் ஸ்டிக்கை முக்குவேன். மஞ்சள் பச்சையாக மாறும். எவ்வளவு ஒழுகுகிறது என்று 3+, 4+, மறுபடி 3+ என்று எழுதுவேன். பக்கத்தில் ஸ்டீராய்டு மாத்திரைக்கு ஒரு டிக். நோய் மருந்துக்குக் கேட்கவே இல்லை. "ஒழுங்காக் குடுத்தியாம்மா?" என்று கேட்காதவர்கள் இல்லை. கேட்டுக் கேட்டு எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

மரபணு ரிப்போர்ட் வந்த அன்று அதில் என்னால் எழுத்துக்கூட்ட முடிந்த ஒரே சொல், பாடோசின். அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஊசி போட வந்த சிஸ்டர், கட்டிலில் தொங்கிய பாப்பாவின் பையை எடுத்தார்.

"இந்த ஜிப்பப் பாருங்கம்மா. பல்லெல்லாம் நல்லா இருக்கு. ஓரத்துல தையல் விட்டுப்போச்சு. இழுத்து மூடினாலும் உள்ள இருக்கறது பக்கவாட்டுல விழுந்துடும்ல?"

பிறகு தன் இரண்டு கை விரல்களையும் கோத்துக் காட்டினார். சிறுநீரக வடிகட்டியில் இருக்கும் செல்களின் கால்கள் இப்படித்தான் கோத்துக்கொண்டிருக்குமாம். விரலிடுக்கில் நெஃப்ரின் என்ற புரதம் ஜிப் பல் மாதிரி. அதைச் செல்லோடு பிடித்து வைத்திருக்கும் தையல்தான் பாடோசின். அது சரியில்லாவிட்டால் ரத்தத்தில் இருக்கவேண்டிய புரதம் சிறுநீரில் ஒழுகிவிடும். ஸ்டீராய்டு, உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற மருந்து. பிறவியிலேயே விட்டுப்போன தையலை அது தைக்காது.

என் கணவரிடமும் என்னிடமும் பாடோசினை உண்டாக்கும் மரபணுவில் ஒரு நல்ல பிரதி, ஒரு பிழைப் பிரதி. நல்லது ஒன்று இருப்பதால் எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. பாப்பாவுக்கு இரண்டு பிழையும் சேர்ந்துவிட்டது. எங்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு வாய்ப்பாம். பாப்பாவுக்கு ஒருநாள் மாற்றுச் சிறுநீரகம் வைக்க நேர்ந்தாலும், அதில் சரியான பாடோசின் இருக்கும், நோய் திரும்பும் வாய்ப்பு குறைவு என்றும் சொன்னார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு என் நோட்டைப் புரட்டினார்.

"ஒரு டிக்கூட விட்டுப்போகல. நீங்க ஒரு தப்பும் பண்ணலம்மா."

அத்தனை நாளில் அன்றுதான் அழுதேன். டியூட்டி முடிந்து போகும்போது பையைக் கேட்டு வாங்கிப் போனார். மறுநாள் காலை கறுப்பு நூலில், நெருக்க நெருக்கமாக, இரட்டைத் தையல் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்.

இந்த மரபணு 2000-இல்தான் தெரியவந்தது என்று அப்புறம் படித்தேன். பாரிஸில் கொரின் அன்டிக்னாக்கின் குழு, இதே நோயிருந்த குடும்பங்களின் மரபணுக்களில் தேடிக் கண்டுபிடித்திருக்கிறது. அந்தக் குடும்பங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் என் நன்றி. அதற்கு முந்தைய தாய்மார்களை நினைத்தால்தான் மனசு கனக்கிறது. "ஒழுங்காக் குடுத்தியா?" என்ற கேள்விக்கு அவர்கள் கையில் என்ன பதில் இருந்திருக்கும்?

ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வருகிறார்கள். இன்று காலையும் 3+ தான். ஆனால் எழுதும்போது கை நடுங்கவில்லை. இனி அந்த வார்டில் நோட்டோடு தனியாக உட்கார்ந்திருக்கும் அம்மா யாரைப் பார்த்தாலும், பக்கத்தில் போய் உட்கார்ந்து, விரலைக் கோத்துக் காட்டாமல் வரமாட்டேன்.

சிஸ்டர், அடுத்த வாரம் செக்கப்புக்கு வருகிறோம். பாப்பா அந்தப் பையைத்தான் கொண்டுவருவேன் என்கிறாள்.