எழுதியவர் பெயரையும் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய நிகழ்ச்சிப் பொறுப்பாளர் அவர்களுக்கும் உங்கள் பண்பலை நிலையத்தாருக்கும்,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை இரவு 7 மணிக்கு நீங்கள் ஒலிபரப்பிய நேயர் பட்டியல் என்னுடையது. 1940களிலிருந்து 2010கள் வரை பத்தாண்டுக்கு ஒரு பாட்டு, மொத்தம் எட்டு. எட்டாவது இடத்தில் தொடங்கி முதலிடத்தில் முடியும். பட்டியல் தேர்வாகியிருக்கிறது என்று உங்கள் நிலையத்திலிருந்து ஒரு பெண் போன் பண்ணிச் சொன்ன அன்று எங்கள் வீட்டில் கேசரி கிண்டினோம். முதலில் அதற்கு நன்றி சொல்லிவிடுகிறேன்.

எட்டுப் பாட்டுக்கும் படத்தின் பெயரைச் சொன்னீர்கள். நடித்தவர் பெயரைச் சொன்னீர்கள். பாடியவர் பெயர் இரண்டு பாட்டுக்கு வந்தது, இசையமைத்தவர் பெயர் மூன்றுக்கு வந்தது. எழுதியவர் பெயர் ஒன்றுக்குக்கூட வரவில்லை. என் கோரிக்கை இதுதான்: போடுகிற ஒவ்வொரு பாட்டுக்கும் எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் என்று மூன்று பெயரையும் சொல்லுங்கள். சொல்லிப் பார்த்தேன், நிதானமாகச் சொன்னாலே 7 விநாடிதான் ஆகிறது. அந்த ஒரு மணி நேரத்தில் ஒரே நகைக்கடை விளம்பரம் 9 முறை வந்தது. நேரமில்லை என்று நீங்கள் சொல்ல முடியாது.

உங்கள் விண்ணப்பப் படிவத்திலேயே இது தொடங்கிவிட்டது. பாட்டின் முதல் வரி, படம், ஹீரோ, ஹீரோயின் என்று நான்கு கட்டம் இருந்தது. கவிஞருக்குக் கட்டம் இல்லை. அதனால் தனித்தாளில் எட்டுப் பாட்டுக்கும் மூன்று பெயரையும் தெளிவாக எழுதிச் சேர்த்து அனுப்பினேன். போனில் கேட்டதற்கு, வந்து சேர்ந்தது, பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். ஆக, பெயர்கள் உங்கள் கையில் இருந்தன.

இதை ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறேன் என்று நீங்கள் நினைக்கலாம். என் அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அப்பாவுக்கு 81 வயது. பட்டுக்கோட்டையில் நாற்பது வருஷத்துக்கு மேல் தையல்கடை வைத்திருந்தவர். கடையில் மெஷின் சத்தமும் ரேடியோ சத்தமும் என்றைக்கும் ஓய்ந்ததில்லை. எங்கள் பக்கம் கடலோரம் என்பதால் இலங்கை வானொலி பக்கத்து வீட்டில் பேசுகிற மாதிரி தெளிவாகக் கேட்கும். கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது குரலெல்லாம் எங்களுக்குச் சொந்தக்காரர் குரல் மாதிரி. பாட்டு போடுவதற்கு முன்னால் இன்ன படம், இயற்றியவர் இன்னார், இசை இன்னார், பாடியவர்கள் இன்னார் என்று வரிசையாகச் சொல்வார்கள். அப்பாவின் கால் பெடலில் இருக்கும், கை துணியில் இருக்கும், எழுத முடியாது. பள்ளிக்கூடம் விட்டு வந்து கடையில் உட்கார்ந்திருக்கும் என்னிடம் "எழுதிக்கம்மா" என்பார். 40 பக்க நோட்டில் கட்டம் போட்டு எழுதுவேன். அப்படி ஆறு நோட்டு சேர்ந்தது. நான் தமிழை வேகமாக எழுதப் பழகியதே அந்த நோட்டுகளில்தான்.

இப்போது அப்பாவுக்குக் கண் தெரியாது. சர்க்கரையால் நான்கு வருஷத்துக்கு முன் ஒரு கண் போயிற்று, போன வருஷம் இன்னொன்றும் போய்விட்டது. செல்போனில் பாட்டுக்குக் கீழே பெயர் வருகிறதே, தேடினால் கிடைக்குமே என்று நீங்கள் சொல்லலாம். திரையை அவரால் பார்க்க முடியாது. அவருக்கு மிஞ்சியிருப்பது காது. அந்தக் காதுக்கு வருவது உங்கள் நிலையம். நீங்கள் சொல்லாத பெயர் அவரைப் பொறுத்தவரை இல்லாமலே போகிறது.

இந்தப் பட்டியலை நானும் அவரும் சேர்ந்து மூன்று வாரம் உட்கார்ந்து போட்டோம். ஆறு நோட்டையும் வாசித்துக் காட்டினேன்.

எட்டாவது இடம், காற்றினிலே வரும் கீதம். 1945-ல் வந்த மீரா. எம்.எஸ். குரல் என்று எல்லோருக்கும் தெரியும். எழுதியவர் கல்கி. அவரைத் தொடர்கதை எழுத்தாளராக மட்டும் தெரிந்தவர்கள் அன்றைக்கு எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்! ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர்கள் பாட்டை இன்னொரு தடவை கேட்டிருப்பார்கள். எஸ்.வி. வெங்கட்ராமன் என்ற இசையமைப்பாளர் பெயரையும் அந்தச் சாக்கில் தெரிந்துகொண்டிருப்பார்கள்.

ஏழாவது, 2004-ல் வந்த ஒவ்வொரு பூக்களுமே. எழுதிய பா. விஜய்க்கும் பாடிய சித்ராவுக்கும் தேசிய விருது கிடைத்த பாட்டு, இசை பரத்வாஜ். படத்தில் அந்தப் பாட்டுக் காட்சியில் கோமகனும் அவருடைய பார்வையற்ற இசைக்குழுவினரும் வருவார்கள். கண் போன பிறகு அப்பா அடிக்கடி கேட்கும் பாட்டு இது.

ஆறாவது, 1977-ல் வந்த செந்தூரப் பூவே. எஸ். ஜானகிக்குத் தேசிய விருது. எழுதியவர் கங்கை அமரன். பாடியவர் பெயரை நீங்கள் சொன்ன இரண்டு பாட்டில் இது ஒன்று. அதுவரைக்கும் சரி.

ஐந்தாவது இடத்துக்குத்தான் எங்களுக்குள் சண்டை. 90களுக்கு ராக்கம்மா கையத்தட்டுதான் என்று என் தம்பி நின்றான். 2002-ல் பிபிசி உலக சேவை நடத்திய வாக்கெடுப்பில் நான்காவது இடம் வாங்கிய பாட்டு, அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அது வாலி எழுதியது, நடுவில் அப்பரின் குனித்த புருவமும் தேவாரம் வருகிறது. பதின்மூன்று நூற்றாண்டு தள்ளிப் பிறந்த இரண்டு கவிஞர்கள் ஒரே பாட்டில் நிற்கிறார்கள். பெயர் சொல்லாவிட்டால் இது யாருக்குத் தெரியும்? ஆனாலும் என் ஓட்டு போறாளே பொன்னுத்தாயிக்குத்தான். 1994, வைரமுத்து எழுதி ஏ.ஆர். ரகுமான் இசையமைத்தது. பாடிய சுவர்ணலதா 2010-ல், 37 வயதில் போய்விட்டார். அவருக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்த பாட்டு. இந்தப் பாட்டுக்கு நீங்கள் சுவர்ணலதா பெயரைச் சொல்லவில்லை. எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது அந்த இடத்தில்தான். பெயர் சொல்வதைத் தவிர அந்தப் பெண்ணுக்கு இனி நாம் என்ன செய்ய முடியும்?

நான்காவது, கண்ணே கலைமானே. கண்ணதாசன் சினிமாவுக்கு எழுதிய கடைசிப் பாட்டு. அவர் 1981 அக்டோபரில் சிகாகோவில் இறந்தார். படம் வந்தது 1982-ல். இளையராஜா இசையில் ஜேசுதாஸ் பாடுவதைத் தியேட்டரில் கேட்டு ஜனங்கள் அழுதபோது எழுதியவர் உயிரோடு இல்லை. பாட்டோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய செய்தி இது.

மூன்றாவதும் கண்ணதாசன்தான், 1962-ல் வந்த மயக்கமா கலக்கமா. விஸ்வநாதன்-ராமமூர்த்தி இசை, பி.பி. ஸ்ரீனிவாஸ் குரல். வாய்ப்புக் கிடைக்காமல் சென்னையை விட்டே கிளம்பத் தயாரான வாலி, இந்தப் பாட்டைக் கேட்டுத்தான் மனசை மாற்றிக்கொண்டு தங்கிவிட்டார். அதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். ஒரு கவிஞர் எழுதியது இன்னொரு கவிஞரைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது. இதைச் சொல்லிவிட்டு அந்தப் பாட்டைப் போட்டால் கேட்கிறவர் கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட மாட்டாரா? நீங்கள் சொன்னது, ஜெமினி கணேசன் ஹிட்ஸ்.

இரண்டாவது, ஆனந்த யாழை மீட்டுகிறாய். 2013, நா. முத்துக்குமார், யுவன் சங்கர் ராஜா, ஸ்ரீராம் பார்த்தசாரதி. அப்பாவும் மகளும் சேர்ந்து போட்ட பட்டியலில் இது ஏன் வந்தது என்று விளக்கத் தேவையில்லை. முத்துக்குமார் போனது 2016-ல், 41 வயது.

அப்புறம் முதலிடம். அப்பா முடிவு பண்ணியது, நான் மறுபேச்சுப் பேசவில்லை.

தூங்காதே தம்பி தூங்காதே. 1958, நாடோடி மன்னன். எஸ்.எம். சுப்பையா நாயுடு இசையில் டி.எம். சௌந்தரராஜன் பாடியது. எழுதியவர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். எங்கள் ஊர்ப் பக்கத்துச் செங்கப்படுத்தான்காட்டுக்காரர். 1959 அக்டோபரில் 29 வயதில் அவர் இறந்தபோது அப்பாவுக்கு 15 வயது, இன்னொருவர் கடையில் காஜா எடுக்கும் பையன். அன்றைக்கு முதலாளி மெஷினை நிறுத்திவிட்டு வாசலில் போய் நின்றதை இன்றைக்கும் சொல்வார். பின்னாளில் சொந்தக் கடையில் தீபாவளிக்கு முந்தின ராத்திரிகளில், காஜா பையன்கள் தூங்கி விழும்போது அப்பா இந்தப் பாட்டைத்தான் வாய்விட்டுப் பாடுவார்.

ஞாயிற்றுக்கிழமை 6 மணிக்கே குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு ரேடியோ பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் "பேரு சொல்லலையேம்மா" என்றார். மூன்று பாட்டு போன பிறகு அப்படிச் சொல்வதை நிறுத்திவிட்டார். முதலிடத்துக்கு நிச்சயம் சொல்வார்கள் அப்பா என்றேன். அப்படித்தான் நானும் நம்பினேன். உங்கள் அறிவிப்பாளர், புரட்சித் தலைவரின் சூப்பர் ஹிட் என்றார். முதல் சரணம் முடிந்ததும் பாட்டு மெல்லத் தேய்ந்தது, நிகழ்ச்சியை வழங்கியவர்கள் என்று விளம்பரதாரர் பெயர்கள் வந்தன. நான்கு கடை. நான்கின் பெயரையும் ஊரோடும் தெருவோடும் சேர்த்து இரண்டு முறை சொன்னீர்கள்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. தடவி, ரேடியோவை அணைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, மிச்சம் இருந்த சரணத்தைத் தானே பாடி முடித்தார். பாடிவிட்டு அந்தப் பழைய அறிவிப்பாளர்கள் சொல்லும் தோரணையில், "இயற்றியவர், பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம்" என்றார். வீட்டில் நான் ஒருத்திதான் இருந்தேன்.

எம்.ஜி.ஆர். மேல் எங்கள் வீட்டில் பெரிய மரியாதை உண்டு. அவர் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. ஆனால் நடித்தவர் பெயரோடு நின்றுவிட்டால், 29 வயதுக்குள் அத்தனை பாட்டையும் எழுதிவிட்டுப் போன மனிதர் என்ன ஆவார்? எங்கள் ஊரில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. அதைத் தாண்டி டியூஷன் போகிற பிள்ளைகளிடம் கேட்டேன், பாட்டு தெரிகிறது, அவர் எழுதியது என்று தெரியவில்லை. பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். யார் அவர்களுக்குச் சொன்னார்கள்?

உங்களை மட்டும் சொல்வதும் நியாயமில்லை. பாட்டுச் செயலிகளைத் திறந்தால் ஹீரோ படத்தைப் போட்டுத்தான் தொகுப்பு வருகிறது. தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகளில் மேடையில் நிற்கிற குழந்தையை அரை மணி நேரம் புகழ்கிறார்கள், அது பாடிய பாட்டை எழுதியவர் பெயர் வருவதில்லை. கல்யாணக் கச்சேரியிலும் அப்படித்தான். பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு, படைப்பு தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளும் உரிமையைப் படைத்தவருக்குத் தருகிறது. 2012-ல் சட்டத்தைத் திருத்தி, பாட்டெழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு என்றும் ஆக்கினார்கள். காசில் பங்கு உண்டு என்று சட்டம் ஒத்துக்கொண்ட ஒருவருக்குப் பெயரில் பங்கு தர நமக்கு மனசு வரவில்லை.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள். உங்களிடம் கேட்க வந்தது சின்ன விஷயம். எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர், இந்த மூன்று பெயரையும் ஒவ்வொரு பாட்டுக்கும் சொல்லுங்கள். அடுத்த படிவத்தில் அதற்கு மூன்று கட்டம் சேர்த்துவிடுங்கள். முடிந்தால் முதலிடப் பாட்டையாவது கடைசிச் சரணம் வரை போடுங்கள்.

என் பட்டியலை வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு மறு ஒலிபரப்பு செய்வதாக அறிவித்திருக்கிறீர்கள். பெயர்கள் எழுதிய தாள் தொலைந்திருக்கலாம் என்று இந்த மடலோடு இன்னொரு பிரதி இணைத்திருக்கிறேன். பெரிய எழுத்தில், படிக்கச் சிரமம் இல்லாமல் எழுதியிருக்கிறேன். அறிவிப்புகளை மட்டும் மறுபடி பதிவு செய்து சேர்த்தால் போதும். மறு ஒலிபரப்பு இருப்பதை அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. பெயர்கள் வரும் என்று உங்களிடமிருந்து ஒரு வார்த்தை கிடைத்தால், சனிக்கிழமை இரவே சொல்லிவிடுவேன்.

அன்புடனும் மரியாதையுடனும்,
உங்கள் நிலையத்தின் நெடுநாள் நேயர் ஒருத்தி,
பட்டுக்கோட்டை