இந்தக் கிழமைச் செயற்பாடு: செவ்வரத்தம்பூச் சாயம்

வணக்கம் அம்மா, அப்பாமாரே. கடும் சிவப்புச் செவ்வரத்தம்பூ 5 எடுங்கோ. இதழ்களைப் பிள்ளையே பிய்க்கட்டும். பச்சைப் பாகம் சேர்ந்தால் நிறம் மங்கும். அரைக் கோப்பை சுடுதண்ணியை நீங்கள் ஊற்றி, 10 நிமிடத்தால் வடியுங்கோ. பிழியவேண்டாம், வழுவழுப்பு இறங்கிவிடும்.

ஊதாச் சாயத்தை 3 வெள்ளைக் கோப்பைகளில் பிரியுங்கோ. ஒன்றை அப்படியே விடுங்கோ, ஒப்பிட அது வேணும். அடுத்ததில் தேசிக்காய்ப் புளியைச் சொட்டுச் சொட்டாக விட்டால் இளஞ்சிவப்பு. மூன்றாவதில் ஒரு சிட்டிகை அப்பச்சோடா, பச்சை வரும்.

எங்கட கிணற்றுத் தண்ணியில் சுண்ணாம்பு இருப்பதால் தேசிக்காய்ப் புளி கூடுதலாகத் தேவைப்படும். மழைத்தண்ணியிலும் செய்து பாருங்கோ, வித்தியாசம் தெரியும். ஊற்ற முன்னம் என்ன நிறம் வருமெண்டு பிள்ளையைக் கேளுங்கோ. விடையை நீங்கள் முந்திச் சொல்லிப்போடாதேங்கோ. சாயத்தைக் குடிக்க விடவேண்டாம், அண்டைக்கே ஊற்றிவிடுங்கோ.