தடைப் பட்டியலும் பேச்சு மேசையும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கிளர்ச்சிக் குழுத் தலைவர்கள் மீது போடப்படும் தனிநபர் தடைகள் பற்றி ஒரு வார்த்தை. காங்கோ அரசை எதிர்த்துப் போரிடும் எம்23 கிளர்ச்சிக் குழுவின் தளபதி சுல்தானி மகெங்காவை ஐ.நா. 2012 நவம்பரில் தடைப் பட்டியலில் சேர்த்தது. சொத்து முடக்கம், பயணத் தடை எல்லாம் உண்டு. சில நாட்களிலேயே கிழக்குக் காங்கோவின் கோமா நகரம் அவர் படையிடம் விழுந்தது! காட்டில் துப்பாக்கியோடு திரிபவருக்கு வங்கிக் கணக்கு இருந்தால் என்ன, முடங்கினால் என்ன?

2025 மார்ச்சில் நடந்தது வேறு கதை. அங்கோலாவின் தலைநகர் லுவாண்டாவில் காங்கோ அரசுக்கும் எம்23-க்கும் பேச்சு தொடங்குவதற்கு முந்தின நாள், எம்23 தலைவர் பெர்ட்ராண்ட் பிசிம்வா உள்ளிட்டோர் மீது ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்டது. உடனே ‘வரமாட்டோம்’ என்றது குழு. சரி, அது வெறும் சாக்காகவும் இருக்கலாம். ஆனால் அந்தச் சாக்கைக் கையில் எடுத்துக் கொடுப்பானேன்? என்ன செய்தால் தடை நீங்கும் என்பதையும் மேசையில் வைத்தால்தானே பேரம் நடக்கும்?