0.1 மில்லிமீட்டரை நம்புவதற்கு முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொடர்ந்து தியானம் செய்பவர்களின் பெருமூளைப் புறணி (மூளையின் வெளிப்புற அடுக்கு) மற்றவர்களுடையதைவிடத் தடித்திருக்கிறது என்று தங்கள் இதழின் அறிவியல் பகுதியில் வெளியான கட்டுரையைப் படித்தேன். 2005-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சாரா லாசரும் அவருடன் பணியாற்றியோரும் வெளியிட்ட ஆய்வைக் கட்டுரையாளர் ஆதாரமாகக் காட்டியிருந்தார். ஆய்வின் முடிவைச் சரியாகவே சுருக்கியும் இருந்தார். ஆனால், 20 தியானப் பயிற்சியாளர்களையும் 15 பிறரையும் ஒப்பிட்டு மூளையின் சில இடங்களில் மட்டும் கண்ட அந்த வேறுபாடு ஏறத்தாழ 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் வரையிலானது என்பதைக் கட்டுரை சொல்லவில்லை. அவ்வளவு சிறிய அளவு எப்படிக் கிடைக்கிறது, அது சரிதானா என்று யார், எதைக் கொண்டு சோதிக்கிறார்கள் என்ற கேள்வியையும் அது தொடவில்லை. மூளைப் படங்களைப் பகுத்தாயும் பணியில் இருப்பவள் என்ற முறையில் அதைப் பற்றிச் சிறிது எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

மனிதப் புறணியின் தடிமன் இடத்துக்கு இடம் மாறி, ஏறத்தாழ 1 முதல் 4.5 மில்லிமீட்டர் வரை இருக்கும், சராசரி 2.5 மில்லிமீட்டர். நாம் வழக்கமாக எடுக்கும் எம்.ஆர்.ஐ. படத்தின் மிகச் சிறிய கனசதுரப் புள்ளியோ பக்கத்துக்கு 1 மில்லிமீட்டர் கொண்டது. ஆகவே புறணி முழுவதுமே இரண்டு மூன்று புள்ளிகளுக்குள் அடங்கிவிடுகிறது. அவற்றிலும் உள் ஓரப் புள்ளிகள் பாதி சாம்பல் பொருளும் (புறணியின் திசு) பாதி வெண்பொருளும் (அதன் அடியிலுள்ள நரம்பிழைத் திசு) கலந்தவை. போதாக்குறைக்குப் புறணி மடிந்து மடிந்து கிடப்பது. எலுமிச்சம்பழத்தை நடுவில் வெட்டாமல் ஓரமாக வெட்டினால் தோல் தடித்துத் தெரிவதுபோல, தட்டையான படத்தில் அளவுகோல் வைத்து அளந்தால் வெட்டு விழுந்த சாய்வுக்கு ஏற்பத் தடிமன் கூடித் தெரியும். இந்தச் சிக்கலைக் கடக்கத்தான் புரூஸ் ஃபிஷலும் ஆண்டர்ஸ் டேலும் 2000-இல் ஒரு கணினி முறையை வெளியிட்டார்கள். வெண்பொருளும் சாம்பல் பொருளும் சந்திக்கும் எல்லையில் ஒரு பரப்பு, புறணியின் வெளி விளிம்பில் ஒரு பரப்பு என இரண்டையும் முப்பரிமாணத்தில் வரைந்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு உள்ள மிகக் குறுகிய தூரத்தை இரு திசையிலும் கணக்கிட்டுச் சராசரி எடுப்பது அந்த முறை. ஃப்ரீசர்ஃபர் என்ற இலவச மென்பொருள் இன்றும் அதையே பின்பற்றுகிறது. வேறு மென்பொருள்கள் தூரத்தை வேறு விதமாக வரையறுப்பதால் ஒன்றின் எண்ணை மற்றொன்றின் எண்ணோடு நேரடியாக ஒப்பிட முடியாது.

எனவே, படத்தில் தெரியும் வெளிச்ச வேறுபாட்டைக் கொண்டு மென்பொருள் ஊகித்துச் சொல்லும் மதிப்பீடுதான் நமக்குக் கிடைக்கிறது. மதிப்பீடு என்பதாலேயே அது பயனற்றதாகிவிடாது. எந்த அளவுக்கு நம்பலாம் என்று சோதித்துத் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். சோதனையும் இரு வகைப்படும்: அதே ஆளை மறுபடி அளந்தால் அதே எண் வருகிறதா என்பது ஒன்று, வரும் எண் உண்மையான தடிமன்தானா என்பது மற்றொன்று. முதல் சோதனையில் தேறிவிட்டதாலேயே இரண்டாவதிலும் தேறிவிட்டதாக எண்ணிக்கொள்ளும் பழக்கம் எங்கள் துறையிலேயே உண்டு.

முதல் சோதனையின் முடிவுகள் பொதுவாக நன்றாகவே உள்ளன. 2006-இல் ஹான் குழுவினர் முதியவர்களைத் திரும்பத் திரும்ப ஸ்கேன் செய்து பார்த்தபோது, புறணியின் ஒவ்வொரு புள்ளியிலும் ஏற்படும் ஏற்ற இறக்கம் ஒரே கருவியில் சுமார் 0.12 மில்லிமீட்டராகவும், கருவியின் தயாரிப்பு நிறுவனமோ காந்தப்புல வலிமையோ மாறும்போது அதைவிடச் சற்று அதிகமாகவும் இருந்தது. பெரிய பகுதிக்குச் சராசரி எடுத்தால் இது வெகுவாகக் குறையும். எதிர்பாராத இடத்திலிருந்தும் பிழை வரும். நெதர்லாந்தின் மாஸ்டிரிக்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு ஒன்று 2012-இல் ஒரே ஸ்கேன் படங்களை ஃப்ரீசர்ஃபரின் மூன்று பதிப்புகளில் ஓட்டிப் பார்த்தது. தடிமன் சராசரியாக 2.8 சதவீதமும், சில பகுதிகளில் 7.7 சதவீதம் வரையும் மாறியது. கணினியின் இயங்குதளத்தை மாற்றியபோதும் ஓரளவு மாறியது. 2.5 மில்லிமீட்டரில் 2.8 சதவீதம் என்பது 0.07 மில்லிமீட்டர். ஆளும் அவரே, படமும் அதுவே. மென்பொருளை மட்டும் புதுப்பித்ததற்கு இவ்வளவு! ஓர் ஆய்வை நடுவழியில் புதிய பதிப்புக்கு மாற்றக் கூடாது என்று நாங்கள் அடம்பிடிப்பது இதனால்தான்.

இரண்டாவது சோதனை கடினமானது, ஏனெனில் உயிருள்ளவரின் புறணியை வெட்டி அளக்க முடியாது. வியன்னாவில் எகோனமோவும் கோஸ்கினாஸும் இறந்தவர்களின் மூளைகளை அளந்து 1925-இல் வெளியிட்ட பட்டியல் இன்றும் ஒப்பீட்டுக்குப் பயன்படுகிறது. மைய மடிப்பின் முன்புறமுள்ள இயக்கப் பகுதி தடித்தும், பின்புறமுள்ள தொடு உணர்வுப் பகுதி மெலிந்தும் இருக்க வேண்டும். மென்பொருளின் வண்ணப் படத்தில் இது தலைகீழாகத் தெரிந்தால் மேற்கொண்டு எதையும் பார்க்க வேண்டியதில்லை. எனினும், பதப்படுத்தும்போது திசு சுருங்கிவிடுவதால் இறந்த மூளையின் அளவை அப்படியே உண்மை என்று கொள்ளவும் முடியாது. இத்தாலியின் மிலான் நகரில் வலிப்பு நோய்க்காக அறுவைச் சிகிச்சையில் அகற்றப்பட்ட திசுவை நுண்ணோக்கியில் அளந்து, அதே நோயாளிகளின் முந்தைய ஸ்கேன் மதிப்பீட்டோடு ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2014-இல் வந்தது. இரண்டும் பெரும்பாலும் நன்கு ஒத்துப்போயின. என் பார்வையில் இத்துறையின் மிக நேர்மையான சோதனைகளுள் அதுவும் ஒன்று. ஆனால் அறுவைச் சிகிச்சை நடக்கும் மூளைப் பகுதிகளுக்கு மட்டுமே அந்தச் சான்று பொருந்தும்.

இனி, கட்டுரையின் பொருளோடு நேரடியாகத் தொடர்புடைய ஒன்றுக்கு வருகிறேன். ஸ்கேன் எடுக்கும் சில நிமிடங்களில் தலை சிறிது அசைந்தாலும் எல்லைகள் மங்கி, புறணி உண்மையில் உள்ளதைவிட மெலிந்ததாக மென்பொருளுக்குத் தோன்றும். 2015-இல் ராய்ட்டர் குழுவினர், ஆரோக்கியமான 12 பேரை ஸ்கேனுக்குள் வேண்டுமென்றே தலையசைக்கச் சொல்லி இதை உறுதிப்படுத்தினார்கள். கண்ணால் பார்த்துத் தரமான படங்கள் என்று ஏற்கப்பட்டவற்றிலும் இந்தச் சரிவு இருந்தது. மென்பொருள் பதிப்பால் வரும் பிழை, ஒப்பிடப்படும் இரு குழுக்களையும் ஒருபோலப் பாதிப்பதால் ஒப்பீட்டில் பெரும்பாலும் கழிந்துவிடும். அசைவால் வரும் பிழை அப்படிக் கழியாது. ஆண்டுக்கணக்கில் அசையாமல் அமர்ந்து பழகியவர்கள் ஒரு புறம், அந்தப் பழக்கம் இல்லாதவர்கள் மறுபுறம் என்னும்போது, முன்னவர்களின் புறணி தடித்துத் தெரிவதற்குத் தியானம் மூளையை மாற்றியதுதான் காரணமா, அல்லது அவர்கள் ஸ்கேனுக்குள் ஆடாமல் படுத்திருந்ததே காரணமா என்பதைத் தனியே பிரித்துக் காட்டியாக வேண்டும். பாஸ்டன் ஆய்வில் இப்படித்தான் நடந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் இக்கேள்வியை எழுப்பாமல் அந்த முடிவை வாசகர்களுக்குத் தருவது சரியல்ல என்று கருதுகிறேன். முதியவர்களையும் நோயாளிகளையும் இளம் ஆரோக்கியர்களோடு ஒப்பிடும் எல்லா ஆய்வுகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

குழந்தைகளின் மூளை வளரும்போது புறணி மெலிகிறது என்ற செய்தியும் இதழ்களில் அடிக்கடி வருகிறது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகக் குழு 2019-இல் பார்வைப் புறணியில் இதை ஆராய்ந்து, அந்த மெலிவில் ஒரு பகுதி தோற்றமே என்று காட்டியது. நரம்பு இழைகளைச் சுற்றி மையலின் உறை படியப் படியப் புறணியின் அடிப்பகுதி படத்தில் வெண்பொருளைப் போலத் தெரியத் தொடங்குகிறது. மென்பொருளும் எல்லைக்கோட்டை மேலே தள்ளி வரைந்துவிடுகிறது.

இவற்றையெல்லாம் கட்டுரையில் விளக்க இடமிருக்காது என்பதை அறிவேன். எனினும் இத்தகைய ஆய்வைப் பற்றி எழுதுவோர், வேறுபாடு எத்தனை மில்லிமீட்டர், தலையசைவு கணக்கில் கொள்ளப்பட்டதா, மென்பொருள் வரைந்த எல்லைகளை ஒருவராவது படம் படமாகப் பார்த்துச் சரிசெய்தாரா என்ற மூன்றையும் மூல ஆய்விலிருந்து தேடி இரண்டு வரியில் சொல்லிவிடலாம். மூளையைச் சுற்றியுள்ள உறையையும் இரத்தக் குழாயையும் புறணி என்று மென்பொருள் சேர்த்துக்கொள்வது அன்றாடம் நடப்பது. கண்ணால் பார்க்காத வரையில் அது தெரியவராது.

மேலும், தியானத்தைப் பற்றிய அதே கேள்விக்கு அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தார் 2022-இல் வெளியிட்ட ஆய்வையும் தங்கள் வாசகர்கள் அறிய வேண்டும். இதற்கு முன் தியானம் பழகாத 218 பேரைக் குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரித்து, எட்டு வாரப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில், பயிற்சியால் புறணியின் தடிமனில் மாற்றம் ஏற்பட்டதாகத் தெரியவில்லை. எட்டு வாரங்களும் பல ஆண்டுப் பயிற்சியும் ஒன்றல்ல என்பதால் பழைய ஆய்வை இது முற்றாக மறுத்துவிடவில்லை. ஆயினும், முந்தைய கட்டுரைக்குத் தந்த அதே பக்கத்தில் இதையும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
கோயம்புத்தூர்.