கோப்பு இருந்தும் கிடைக்காத கதை

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதாததற்குக் காரணம், நீ கேட்டிருந்த அதே வேலையில், அதாவது கிராபிக்ஸ் கார்டுக்கு ஃபர்ம்வேர் ஏற்றுவதில், நானும் சிக்கிக்கொண்டிருந்ததுதான். மூலநிரலிலிருந்து ஒவ்வொன்றாகத் தொகுத்து எனக்கென்று ஒரு லினக்ஸ் அமைப்பைக் கட்டி வருவது உனக்குத் தெரியும். கம்பைலரும் சி நூலகமும் ஒழுங்காக அமைந்து, எழுத்துத் திரையில் உள்நுழையும் அளவுக்கு வந்துவிட்ட மிதப்பில், கிராபிக்ஸ் கார்டு ஒரு மாலைப்பொழுது வேலைதான் என்று எண்ணிவிட்டேன். மூன்று இரவுகள் போயின.

என் கார்டில் இருப்பது ஏஎம்டியின் நவி 10 சில்லு. அதை இயக்கும் ஏஎம்டிஜிபியு டிரைவர், லினக்ஸின் மைய நிரலான கெர்னலிலேயே இருக்கிறது. ஆனால் கார்டுக்குள் ஓட வேண்டிய நிரலான ஃபர்ம்வேர் அதில் இல்லை. 2017இல் வந்த 4.14ஆம் பதிப்போடு கெர்னல் மூலநிரலில் எஞ்சியிருந்த ஃபர்ம்வேர்களையும் நீக்கிவிட்டார்கள். இப்போது அவை லினக்ஸ்-ஃபர்ம்வேர் என்ற தனிக் களஞ்சியத்தில் கிடைக்கின்றன. கார்டுக்குள் கட்டளைகளைப் பிரித்து நடத்தவும், மின்சாரத்தையும் வேகத்தையும் கட்டுப்படுத்தவும், காணொளியைக் குறிநீக்கவும் தனித்தனிச் சிறு செயலிகள் இருக்கின்றன. அவற்றில் ஓடும் நிரல்கள்தான் இந்தக் கோப்புகள். மின்சாரம் நின்றால் அவை மறைந்துவிடும் என்பதால், ஒவ்வொரு முறை கணினியைத் தொடங்கும்போதும் டிரைவர் அவற்றைப் புதிதாக ஏற்றியாக வேண்டும்.

தேவைப்படும்போது தனியே ஏற்றப்படும் மாட்யூல்களே இல்லாத கெர்னல் சுத்தமாக இருக்கும் என்ற பிடிவாதத்தில், டிரைவரை நான் கெர்னலோடு சேர்த்தே கட்டினேன். தொடங்கியதும் சில வரிகள் ஓடின, பிறகு திரை உறைந்தது. வேறொரு கணினியிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே போய்ப் பார்த்தால், நவி 10 கோப்பை ஏற்ற முடியவில்லை, பிழை எண் -2 என்று கெர்னல் பதிவு சொன்னது. கோப்பு இல்லை என்பதே அந்த எண்ணின் பொருள். ஆனால் அந்தக் கோப்பு ஃபர்ம்வேர் அடைவில் என் கண்முன்னே இருந்தது! பெயரில் எழுத்துப்பிழையோ, தவறான அடைவோ என்று இரண்டு இரவுகள் தேடினேன். கோளாறு இடத்தில் இல்லை, நேரத்தில் இருந்தது. கெர்னலோடு கட்டிய டிரைவர், வட்டின் மூலக் கோப்பமைப்பு இணைக்கப்படும் முன்னரே கண்விழித்து ஃபர்ம்வேரைக் கேட்கிறது. அந்தக் கணத்தில் அதன் பார்வையில் வட்டு என்ற ஒன்றே இல்லை.

இதற்குத் தீர்வாகக் கோப்புகளைக் கெர்னலுக்குள்ளேயே பொதித்துவிடலாம், அல்லது வட்டு இணையும் முன்பே நினைவகத்தில் விரியும் சிறு கோப்பமைப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸில் வைக்கலாம், அல்லது டிரைவரை மாட்யூலாகக் கட்டலாம். முதலில் பொதிக்கத்தான் முயன்றேன். பத்துக்கு மேற்பட்ட கோப்புப் பெயர்களை ஒவ்வொன்றாக எழுத வேண்டும். மின்சாரக் கட்டுப்பாட்டுக்கான ஒன்றை மறந்ததில் மீண்டும் அதே உறைந்த திரை. சுருக்கப்பட்ட கோப்புகளும் இந்த வழிக்கு ஒத்துவராது. கடைசியில் பிடிவாதத்தை விட்டு மாட்யூலாகக் கட்டினேன். வட்டு இணைந்த பிறகு, சாதனங்களைக் கவனிக்கும் யூடெவ் என்ற நிரல் அதை ஏற்றுகிறது, எல்லாம் சரியாகிவிட்டது. இனிட்ராம்எஃப்எஸ் வைத்துக்கொள்ளாத நம் போன்றவர்களுக்கு இதுவே போதும் என்பது என் கருத்து.

கெர்னல் டிரைவர் திரையை எழுப்புவதோடு, கார்டைக் கொண்டு படம் வரைய நிரல்கள் பயன்படுத்தும் ஓப்பன்ஜிஎல் வந்துவிடாது. அது மெசா என்ற நூலகத்தின் வேலை. மெசாவில் என் கார்டுக்கான டிரைவராகிய ரேடியான்எஸ்ஐக்காக, எல்எல்விஎம் என்ற கம்பைலர் தொகுப்பையும் தொகுத்தேன், ஆனால் அதில் ஏஎம்டி இலக்கைச் சேர்க்க மறந்ததால் இன்னொரு முறை முழுவதும் தொகுக்க நேர்ந்தது. அதன் பின்னும் சாளரங்கள் தவழ்ந்தன. பார்த்தால், வரைவது எல்எல்விஎம்பைப். அதாவது கார்டு சும்மா இருக்க, மையச் செயலி அத்தனை படத்தையும் வரைந்துகொண்டிருந்தது. காரணம், கார்டை அணுகுவதற்கான ரெண்டர்டி128 என்ற சாதனக் கோப்பைத் திறக்க என் பயனர் கணக்குக்கு அனுமதி இல்லை. உரிய குழுவில் சேர்த்ததும் தீர்ந்தது.

உன்னுடையது என்விடியாவின் டூரிங் தலைமுறைக் கார்டு என்று எழுதியிருக்கிறாய். அதில் ஜிஎஸ்பி என்ற செயலி கார்டின் நிர்வாகத்தில் பெரும்பகுதியைத் தானே பார்த்துக்கொள்ளும். அதற்கான ஃபர்ம்வேரைப் பயன்படுத்தும் வசதி, என்விடியா கார்டுகளுக்காகக் கெர்னலில் உள்ள திறமூல டிரைவரான நூவோவுக்கு 6.7ஆம் கெர்னலில் வந்தது. அதற்கு முன் கார்டின் முழு வேகத்தை அந்த டிரைவரால் எட்ட முடியவில்லை. என்விடியாவே 2022 மே மாதம் வெளியிட்ட திறமூல கெர்னல் மாட்யூல்களுக்கும் இந்த ஃபர்ம்வேர் கட்டாயம். ஆனால் அந்தக் கோப்பு பல மெகாபைட் பெரியது. கெர்னலுக்குள் பொதிக்கும் எண்ணமே உனக்கு வேண்டாம். கோப்புகளைச் சுருக்கி வைப்பதானால், எக்ஸ்இசட் வடிவத்துக்கு 5.3ஆம் கெர்னலும் இசட்எஸ்டிடி வடிவத்துக்கு 5.19ஆம் கெர்னலும் குறைந்தபட்சம் தேவை. அதற்கான தெரிவையும் கெர்னல் அமைப்பில் இயக்கியிருக்க வேண்டும்.

டிரைவரை நீ ஏற்கெனவே கெர்னலோடு சேர்த்துக் கட்டிவிட்டாயா என்பதை மட்டும் முதலில் எழுது. திரை உறைந்தால், கெர்னல் பதிவில் ஃபர்ம்வேர் என்ற சொல் வரும் வரிகளை அப்படியே அனுப்பு; மற்றதைச் சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்